சளி

முனிகிருஷ்ணன் தொண்டையை உருட்டிக் கொப்பளித்துத் துப்பியதில் பாதிதான் சீசாவுக்குள் விழுந்தது. மீதி, சீசாவைப் பிடித்திருந்த ஸம்பத்குமாரின் மணிக்கட்டில் பட்டு சட்டைக் கைக்குள் வழிந்தது. வெதுவெதுவென்று இருந்தது. அந்த வெதுவெதுப்பைத்தான் அவனால் தாங்க முடியவில்லை. சில்லென்று இருந்தால் தண்ணீர் என்று மனசை ஏமாற்றிக்கொள்ளலாம். இது இன்னொருத்தன் வாய்க்குள் இருந்த சூடு. நுரையோடு, ஒரு பழுப்பு நூலோடு, முழங்கையை நோக்கி மெதுவாக ஊர்ந்தது. ஸம்பத்குமார் மூச்சை அடக்கிக்கொண்டு சீசாவை மூடினான்.

"இன்னா சார், தொண்டைய கய்வி உன் கைல குட்த்தா காச்சல் பூடுமா?" என்று கேட்டான் முனிகிருஷ்ணன். படகுக்காரன். ஆறடி ஆள், இரண்டு நாளில் துவண்டு போயிருந்தான். கண் இரண்டும் மிளகாய்ப் பழமாகச் சிவந்திருந்தன.

"போகாது. இது பரிசோதனைக்கு. அந்தப் பக்கம் திரும்பிண்டு இருமுய்யா."

அறுபத்தொன்பதாம் வருஷத்துத் தை மாதம் அது. பத்திரிகைக்காரர்கள் ஹாங்காங் ஜுரம் என்று பெயர் வைத்திருந்த காய்ச்சல் பட்டணத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, ரயிலேறி கும்மிடிப்பூண்டிக்கு வந்து, அங்கிருந்து பஸ் பிடித்து பழவேற்காட்டு ஏரி ஓரத்துக் குப்பங்கள் வரைக்கும் வந்து சேர்ந்திருந்தது. காலையில் வலை இழுத்தவன் மத்தியானம் அடித்துப் போட்டாற்போல மணலில் கிடந்தான். முதலில் குளிர், பிறகு உலக்கையால் இடித்தது போல உடம்பு வலி, அப்புறம் நெஞ்சைப் பிளக்கும் வறட்டு இருமல். அந்த ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஸம்பத்குமார் ஹெல்த் இன்ஸ்பெக்டர். காய்ச்சல் கண்டவர்களை ஆரம்பத்திலேயே பிடித்து, உப்புக் கரைசலை வாயில் ஊற்றி, தொண்டைவரை உருட்டிக் கொப்பளிக்கச் செய்து, அந்த நீரைச் சீசாவில் பிடித்துச் சென்னைக்கு அனுப்ப வேண்டும் என்று உத்தரவு வந்திருந்தது. அங்கே ஆய்வுக்கூடத்தில் அதைக் கோழி முட்டைக்குள் ஊசியால் ஏற்றிக் கிருமியை வளர்ப்பார்களாம். சீசா சூடாகிவிடக் கூடாது. ஐஸ் வேண்டும். ஊரில் ஐஸ் இருக்கிற ஒரே இடம் இறால் வாங்கும் கம்பெனியின் கொட்டகை. மரத்தூளும் இறால் தலையும் ஒட்டிய ஐஸ் கட்டியை உடைத்து பிளாஸ்கில் போட்டு, அதற்குள் குப்பத்து எச்சிலைப் புதைத்து, தோளில் மாட்டிக்கொண்டு அவன் நடப்பான். எச்சில், மீன், முட்டை. அவன் பிறந்த வீட்டில் வாயால் சொல்லக்கூடத் தயங்குகிற மூன்றில் இரண்டு அவன் விலாவில் இடித்துக்கொண்டு வந்தன, மூன்றாவது சென்னையில் காத்திருந்தது.

திருவள்ளூரில் கோயில் கைங்கரியத்தில் இருந்த குடும்பம் அவனுடையது. அண்ணன் பராசரன் அப்பாவோடு சேர்ந்து மடைப்பள்ளிக்குப் போய்விட்டான். ஒரு கோயில் மூன்று ஆண்பிள்ளைகளுக்குச் சோறு போடாது என்று தெரிந்துதான் ஸம்பத்குமார் சானிட்டரி படிப்புப் படித்தான். சிறுவயதில் ஒருதரம் தபால் தலையை நாக்கால் நக்கி ஒட்டியதற்காக அப்பா அவனை மார்கழிக் குளிரில் கிணற்றடியில் நிற்க வைத்துத் தலைக்கு ஊற்றினார். அவனுக்கு அது தண்டனையாகத் தோன்றவில்லை, நியாயமாகவே பட்டது. மற்றவர்கள் பழக்கத்துக்காகச் செய்ததை அவன் உடம்பு நிஜமாகவே நம்பியது. பஸ்ஸில் முன் சீட்டுக்காரன் துப்பினால், இறங்குகிறவரை கண்ணை மூடிக்கொண்டான். சுகாதாரப் படிப்பில் கிருமிகளைப் பற்றிச் சொல்லிக் கொடுத்தபோது அவனுக்கு மகா சந்தோஷம். தன் அருவருப்புக்கு விஞ்ஞானம் சாட்சி சொல்ல வந்துவிட்டது என்று நினைத்தான்.

அவன் எல்லோரையும்விட அதிகமாக அருவருத்தது சம்பூர்ணத்தை. சுகாதார நிலையத்து ஆயா. குப்பத்துக்காரி, ஐம்பது வயது இருக்கும், புருஷன் ஏரியில் முழுகிப் போய்விட்டான். திரும்பி வந்த சீசாக்களைக் கழுவுவது, பிரசவத் துணிகளை அலசுவது, சளிச் சட்டியைக் கொட்டுவது எல்லாம் அவள் வேலை. வாய் நிறையப் புகையிலை. வேலிப் பக்கம் திரும்பி, இரண்டு விரலை உதட்டில் வைத்துச் சீறித் துப்புவாள். அது சிவப்பாகப் போய்க் கள்ளிச் செடியில் தொங்கும். அவன் ஐயங்கார் என்று எத்தனை தரம் சொல்லியும், 'ஐரே' என்றுதான் கூப்பிடுவாள். அவள் நிற்கிற பக்கம் காற்று வந்தால் இவன் பக்கம் மாறி நிற்பான். அவளுக்கும் அது தெரியும்.

சுகாதார நிலையத்துக்குப் பின்னாலேயே அவனுக்குக் குவார்ட்டர்ஸ். ஒரு அறை, ஒரு சமையல்கட்டு, கிணறு. மனைவி பங்கஜவல்லியும், மூன்று மாதம் நிறையாத பெண் குழந்தையும். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் சட்டையைக் கிணற்றடியிலேயே கழற்றி, கார்பாலிக் சோப்பைப் போட்டு முழங்கை வரை தோல் எரியும்படி தேய்த்துக் குளித்த பிறகுதான் உள்ளே போவான். குழந்தையைத் தூக்கினாலும் முத்தம் கொடுக்க மாட்டான். அதன் கடைவாயில் எப்போதும் ஒரு ஈரம் இருந்துகொண்டே இருக்கும். "உங்க குழந்தைதானே" என்பாள் பங்கஜவல்லி. "துடைச்சுட்டுக் குடு" என்பான் அவன்.

முனிகிருஷ்ணன் துப்பிய அன்று அவன் வழக்கத்தைவிட சீக்கிரமாகவே வீட்டுக்கு வந்தான். மணிக்கட்டு இன்னும் ஊறுவது போல இருந்தது. பின்கட்டுக் கதவு திறந்திருந்தது. சமையல்கட்டு வாசலில், கால்களை நீட்டி உட்கார்ந்திருந்தாள் சம்பூர்ணம். அவள் மடியில் குழந்தை. குழந்தையின் முகத்தின் மேல் கவிழ்ந்திருந்தாள். அவளுடைய வாய், புகையிலைக் காவி ஏறிய அந்த வாய், குழந்தையின் மூக்கின் மேல் பொருந்தியிருந்தது. ஈரத் துணியைக் கிழிப்பது போல ஒரு சத்தம் வந்தது. அவள் தலையைத் திருப்பிப் பக்கத்தில் இருந்த சாம்பல் சட்டியில் துப்பினாள். கெட்டியாக, பச்சையும் மஞ்சளுமாக ஒரு கட்டி சாம்பலில் உருண்டு நின்றது. பங்கஜவல்லி குனிந்து அதைப் பார்த்து, "வந்துடுத்து" என்றாள், ஏதோ நகை கிடைத்துவிட்டது போல.

ஸம்பத்குமாருக்கு எப்படிப் பாய்ந்தோம் என்று தெரியாது. குழந்தையைப் பிடுங்கி எடுத்திருந்தான். "என்ன பண்றேள் ரெண்டு பேரும்! அறிவிருக்கா? ஊர் எச்சிலெல்லாம் கழுவறவளோட வாய் அது! யார் இவளை உள்ள விட்டா?" என்று கத்தினான்.

"குழந்தை பால் குடிக்கலை. கார்த்தாலேர்ந்து மூக்கு அடைச்சுண்டிருக்கு. வாய வைக்கறது, மூச்சு முட்டி விட்டுடறது. அவ வாயைக் கொப்பளிச்சுட்டுத்தான்..."

"கொப்பளிச்சா போயிடுமா?"

சம்பூர்ணம் அவசரப்படாமல் எழுந்து புடவையை உதறிக்கொண்டாள். "கத்தாத ஐரே, கொயந்த பயந்துக்கப் போவுது. அது மூக்குல கீற சளி எனக்கு மட்டும் சக்கரப்பாகா? எனக்கும் கொமட்டத்தான் செய்யுது. அதுக்கு மூக்கு சிந்தத் தெரியாதே, இன்னா பண்றது?" என்று சொல்லிவிட்டு, சாம்பல் சட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு போனாள். வேலி வரை போனவள் திரும்பிப் பார்க்கவில்லை.

அவன் குழந்தையின் முகத்தை சோப்புப் போட்டுக் கழுவினான். ஒருதரம் போதவில்லை. மூக்கைச் சுற்றிய பிஞ்சுத் தோல் சிவந்து தடித்தது. குழந்தை அலறியது. அலறுகிறபோது அதன் மூக்கு சுத்தமாக, சீராகக் காற்றை வாங்கியது. பங்கஜவல்லி அதைக் கவனித்தாள். குழந்தையை வாங்கிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்து பால் கொடுத்தாள். மடமடவென்று குடித்தது.

மறுநாள் சம்பூர்ணம் வேலைக்கு வரவில்லை. கோபத்தில் இருக்கிறாள் என்று நினைத்து, நல்லதாய்ப் போயிற்று என்று விட்டுவிட்டான். அன்று முழுக்க பங்கஜவல்லி, அவன் பார்க்காத நேரத்தில், சம்பூர்ணம் செய்த வேலையைத் தானே செய்திருக்க வேண்டும். அவள் முந்தானையின் ஓரங்கள் காய்ந்த சளியில் விறைத்திருந்தன. அவன் கேட்கவில்லை. கேட்டால் அதைப் பற்றி நினைக்க வேண்டிவரும். அதற்கும் அடுத்த நாள் காலையில் பங்கஜவல்லியால் எழுந்திருக்க முடியவில்லை. உடம்பு அனலாகக் கொதித்தது. கண் சிவந்து, தொண்டை கட்டி, இருமும்போதெல்லாம் விலாவைப் பிடித்துக்கொண்டாள். குப்பத்தில் அவன் நூறு பேரிடம் பார்த்த அதே முகம். அவள் பக்கத்தில் குழந்தை ஒரு மாதிரியாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. பூனை தூங்குகிறபோது வருமே, அந்த மாதிரி ஒரு இரைச்சல் நெஞ்சுக்குள் இருந்து வந்தது. மூக்குத் துவாரங்கள் இரண்டும் விரிந்து விரிந்து மூடின. அவற்றின் ஓரத்தில் காய்ந்த சளி பொருக்காக நின்றது. அதற்கு உள்ளே புதிது பளபளத்துக்கொண்டு, ஒவ்வொரு மூச்சுக்கும் குமிழ் விட்டது.

டாக்டர் துளசிராமன் சின்ன வயசுக்காரர். வராந்தா நிறையக் காய்ச்சல்காரர்கள் உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்ததை அப்படியே விட்டுவிட்டுப் பின்பக்கம் வந்தார். குழந்தையின் சட்டையைத் தூக்கினார். மூச்சு உள்ளே போகிறபோதெல்லாம் விலா எலும்புகளுக்கு நடுவே தோல் குழிந்து உள்ளே இழுத்தது. ஒரு சின்னக் கூடையைத் துணியால் போர்த்தி உள்ளிருந்து யாரோ இழுப்பது போல இருந்தது. அவர் நெஞ்சில் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டார்.

"அம்மாவுக்கு வந்திருக்கறது ஹாங்காங் ஜுரம். குழந்தைக்கு வந்திருக்கறது அது இல்லன்னு நினைக்கறேன், இன்ஸ்பெக்டர் சார். ஊருல ஒரே சமயத்துல ரெண்டு மூணு சுத்துது. இது வேற ஜாதி வைரஸ். நமக்கெல்லாம் வந்தா நாலு தும்மல், மூக்கு ஒழுகும், சாதாரண ஜலதோஷம்னு போயிடுவோம். இந்த வயசுல வந்தா கீழ எறங்கிடும். மூச்சுக்குழாய் கடைசில நூல் மாதிரி ஆகுது பாருங்க, அங்க வீங்கி, சளி கட்டி அடைச்சுடும். பென்சிலின் எல்லாம் இத ஒண்ணும் பண்ணாது." அவர் நிமிர்ந்தார். "வீட்டுல யாருக்கு மொதல்ல ஜலதோஷம் பிடிச்சுது?"

"யாருக்கும் இல்லையே" என்றான் ஸம்பத்குமார் உடனே.

சொன்ன பிறகுதான் ஞாபகம் வந்தது. போன வாரம் அவனுக்கு மூக்கு ஒழுகியது. நாலைந்து தும்மல், அவ்வளவுதான். வேலையின் நடுவே மேல்துண்டின் நுனியில் சிந்தி, அதையே மடித்து இடுப்பில் செருகிக்கொண்டான். வீட்டில் குளித்த பிறகும் மூக்கு நின்றபாடில்லை. புறங்கையால் துடைத்துக்கொண்டே குழந்தையிடம் விரலை நீட்டினான். அது அந்த விரலை இறுகப் பிடித்து, கண்ணிலும் மூக்கிலும் தேய்த்துக்கொண்டது. அவன் சிரித்தான். அடுத்தவன் எச்சில் பட்டால் தோல் உரியத் தேய்த்தவனுக்குத் தன் மூக்கிலிருந்து வந்தது அசுத்தமாகவே தோன்றியிருக்கவில்லை. பங்கஜவல்லி படுத்தபடியே அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் ஞாபகம் வந்துவிட்டது என்பது தெரிந்தது. அவன் கையை வேஷ்டியில் துடைத்துக்கொண்டான்.

பட்டணத்துக் குழந்தைகள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும், அங்கேதான் ஆக்ஸிஜன் இருக்கிறது என்றார் டாக்டர். ஜீப் பழுது பார்க்க கும்மிடிப்பூண்டி போயிருந்தது. சாயங்காலத்துக்குள் வந்துவிடும். காலை பஸ் போய்விட்டது, அதை விட்டால் ராத்திரிதான். "அதுவரைக்கும் மூக்கு அடையாம பாத்துக்கணும். இந்த வயசுல வாயால மூச்சு விடத் தெரியாது அதுங்களுக்கு. மூக்கு தெறந்திருந்தா கொஞ்சம் பால் போகும், தெம்பு நிக்கும்." பிரசவ அறையிலிருந்த சளி உறிஞ்சும் ரப்பர் குழாயைக் கொண்டுவரச் சொன்னார். உப்புக் காற்றில் காய்ந்து அது வெடித்திருந்தது. ஊசியில்லாத கண்ணாடி சிரிஞ்சை வைத்து இழுத்துப் பார்த்தார். முன்னால் இருந்த தண்ணீர்ச் சளி வந்தது. பின்னால் இருந்த கட்டி அசையவில்லை. "உப்புத் தண்ணி ரெண்டு சொட்டு விட்டு, எளகினதும் வாயால மெதுவா உறிஞ்சி எடுத்துடுங்க. நம்ம பொம்பளைங்க செய்யறதுதான். ஆனா அம்மா செய்யக்கூடாது. அவங்க வாயில துணியைக் கட்டிக்கிட்டு பால் மட்டும் குடுக்கட்டும். இந்த மூச்சோட இன்ஃப்ளூயன்ஸாவும் சேர்ந்தா தாங்காது." வராந்தாவில் யாரோ மயங்கி விழுந்த சத்தம் கேட்டு அவர் ஓடினார்.

ஸம்பத்குமார் துணியைத் திரித்து நுனியை உப்புத் தண்ணீரில் நனைத்து மூக்கில் விட்டுத் திருகினான். ரத்தம் வந்தது. குழந்தை அழ முயன்றது. அழுவதற்கு மூச்சு இல்லை. அவன் முகத்தை அருகில் கொண்டுபோனான். புளித்த பால் வாடையும், அழுகிய பூவைப் போல ஒரு வாடையும் அடித்தது. அந்தப் பச்சைக் குமிழ் அவன் கண்ணெதிரில் உப்பி உடைந்தது. அவன் வாயில் எச்சில் ஊறி, நெஞ்சு எதிர்த்துக்கொண்டு வந்தது. எழுந்துவிட்டான்.

"எங்கே போறேள்?" என்றாள் பங்கஜவல்லி, துணிக்குள்ளிருந்து.

"சம்பூர்ணத்தை அழைச்சுண்டு வரேன்."

குப்பத்துக்குப் போகிற மணல் வழியெல்லாம் சளி. வெயிலில் காய்ந்து நத்தை ஓடியது போல மின்னியது. ஈ மொய்த்தது. குடிசை வாசல்களில் படுத்திருந்தவர்கள் படுத்த இடத்திலேயே தலையைத் திருப்பித் துப்பினார்கள். யாருக்கும் எழுந்து போகத் தெம்பில்லை. ஒரு கிழவர் துப்பியது அவர் தாடியிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. துடைக்க ஆள் இல்லை. ஒரு நாய் மணலை நக்கிக்கொண்டு போயிற்று. மீன் கருவாட்டு வாடைக்கு மேலே காய்ச்சல்காரர்களின் மூச்சு வாடை ஒரு தட்டாக நின்றது. ஸம்பத்குமார் மேல்துண்டால் மூக்கையும் வாயையும் இறுக்கிக் கட்டிக்கொண்டு, பாதத்தை எங்கே வைப்பது என்று பார்த்துப் பார்த்து, கொக்கைப் போல நடந்தான்.

சம்பூர்ணம் குடிசைக்குள் பாயில் சுருண்டு கிடந்தாள். கோபமும் இல்லை, ஒன்றும் இல்லை. காய்ச்சல். வாயோரத்தில் காய்ந்த கோழை. பக்கத்தில் அடுப்புச் சாம்பலைக் கொட்டி அதன் மேல் துப்பி வைத்திருந்தாள். அவன் குனிந்து உள்ளே வந்ததும் முதலில் அவளுக்கு அடையாளம் தெரியவில்லை.

"ஐரா? இன்னா, ஊட்டாண்ட வந்துகீற?"

"குழந்தைக்கு மூச்சு முட்டறது. மூக்கு அடைச்சிண்டிருக்கு. நீ வந்து... அன்னிக்குப் பண்ணினயே, அதை..."

அவள் எழுந்திருக்கப் பார்த்து, இருமல் வந்து குலுங்கி, மறுபடி சாய்ந்தாள். இருமல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. "நா வாய வச்சா கொயந்த செத்துபூடும் ஐரே. என்ன பாரு, எப்டி கீறேன். இந்த காச்சல அதுக்கு குட்த்துட சொல்றியா?" என்றாள். பிறகு, "நீ நல்லாத்தான கீற. அப்பன்தான நீ. போ, போயி பண்ணு" என்றாள்.

அவன் நின்றான். அவள் கண் பாய்க்கு அப்பால் போயிற்று. அங்கே ஒரு அலுமினிய டம்ளரில் தண்ணீர் இருந்தது. யாரோ காலையில் ஊற்றி வைத்துவிட்டுப் போயிருக்க வேண்டும். அவள் கை எட்டும் தூரத்துக்குக் கொஞ்சம் தள்ளி இருந்தது. டம்ளரின் விளிம்பில் அவள் உதடு பட்ட இடத்தில் வெள்ளையாக ஏதோ படிந்து உலர்ந்திருந்தது. அவள் கேட்கவில்லை. பார்த்தாள், அவ்வளவுதான். ஸம்பத்குமார் குனிந்தான். விரல்கள் டம்ளர்வரை போயின. விளிம்பைப் பார்த்ததும் நின்றன. நிமிர்ந்து, கால் கட்டை விரலால் டம்ளரை மெள்ள, தண்ணீர் சிந்தாமல், அவள் பக்கம் நகர்த்தினான்.

சம்பூர்ணம் அவன் காலைப் பார்த்தாள். பிறகு அவன் முகத்தைப் பார்த்தாள். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அவன் வீட்டுக்கு எப்படி வந்தான் என்பது அவனுக்கே நினைவில்லை. இந்தத் தடவை கீழே பார்த்து நடக்கவில்லை. பங்கஜவல்லி சுவரில் சாய்ந்து உட்கார்ந்து குழந்தையைத் தோளில் நிமிர்த்திப் பிடித்திருந்தாள். குழந்தையின் உதட்டைச் சுற்றி நாவல் பழக் கறை போல ஒரு நீலம் தெரிந்தது. அவன் பின்னால் யாரும் வரவில்லை என்பதைப் பார்த்தாள். குழந்தையை நீட்டினாள்.

அவன் உப்புத் தண்ணீரைத் துணி நுனியால் சொட்டவிட்டான். காத்திருந்தான். பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, குழந்தையின் தலையை இடது முழங்கையில் ஏந்தி, ஒரு துவாரத்தை விரலால் மூடி, மற்றதன் மேல் வாயை வைத்தான். முதலில் உதட்டில் பட்டது அந்தப் பொருக்கு. உப்பு. பிறகு ஒன்றும் வரவில்லை. இன்னும் கொஞ்சம் இழுத்தான். உள்ளே எங்கேயோ ஏதோ பிடிவிட்டது. நீளமாக, வழுவழுப்பாக, முடிவில்லாமல், நுங்கு வழுக்கிக்கொண்டு வருவது போல அவன் நாக்கின் மேல் ஏறி, பல்லைத் தாண்டி, அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. வெதுவெதுவென்று இருந்தது. அவன் கண்ணில் நீர் முட்டியது. கொல்லைக்கு ஓடித் துப்பினான். துப்பியது பாதிதான் போயிற்று. மீதி ஒரு நூலாக உதட்டிலிருந்து தொங்கியது. விரலால் பிடித்து இழுத்து எறிய வேண்டியிருந்தது. முருங்கை மரத்தைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தான். காலையில் சாப்பிட்ட தயிர்சாதம், அதற்கு அப்புறம் வெறும் மஞ்சள் நீர். ஒரு பிரியமும் பொங்கவில்லை. தன் குழந்தை என்ற நினைப்புக்கூட அப்போது வரவில்லை. நாக்கை அறுத்து எறிந்துவிடலாம் போல இருந்தது.

உள்ளே போனான். பங்கஜவல்லி அவனை ஏறிட்டுப் பார்த்தாள். அந்தப் பார்வையில் நன்றியோ இரக்கமோ இல்லை.

"இன்னொரு பக்கம்" என்றாள்.

இன்னொரு பக்கமும் எடுத்தான். மறுபடி முருங்கை மரத்தடிக்குப் போனான். திரும்பி வந்தபோது குழந்தை மாரில் இருந்தது. நாலு தரம் உறிஞ்சும், நிறுத்தி மூச்சு வாங்கும், மறுபடி உறிஞ்சும். விலா இன்னும் குழிந்தது. நெஞ்சு இரைச்சல் அப்படியேதான் இருந்தது. உதட்டைச் சுற்றிய நீலம் மட்டும் கொஞ்சம் பின்வாங்கியிருந்தது. மத்தியானம் முழுக்க அதே வேலை. மூக்கு நிறைந்துகொண்டே இருந்தது. ஒரு கைப்பிடி உடம்புக்குள்ளிருந்து இவ்வளவு எப்படி வருகிறது என்று அவனுக்குப் புரியவில்லை. ஒவ்வொரு தடவையும் குமட்டியது. எத்தனையாவது தடவையில் வாந்தி நின்றது என்று தெரியாது. குமட்டல் நிற்கவில்லை.

வெயில் தாழ்ந்தபிறகு ஜீப் வந்தது. பின் சீட்டில் பங்கஜவல்லி போர்வை சுற்றிச் சாய்ந்துகொள்ள, குழந்தை அவன் மடியில் இருந்தது. டாக்டரும் கூடவே வந்தார், முன்னால், டிரைவர் யேசுதாஸ் பக்கத்தில். ஏரி ஓரமாகப் போகிறபோது ஸம்பத்குமார், "டாக்டர், சம்பூர்ணம் காய்ச்சல்ல கெடக்கறா. தனியா" என்றான்.

"தெரியும். கம்பவுண்டரப் போயி பாக்கச் சொல்லியிருக்கேன்" என்றார் அவர் திரும்பாமல்.

அவன் இன்னும் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். டம்ளர் கண்ணுக்குள் நின்றது. அதை எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. செருப்புக்குள் கட்டை விரலை மடக்கிக்கொண்டான்.

கும்மிடிப்பூண்டி ரயில்வே கேட் மூடியிருந்தது. யேசுதாஸ் இன்ஜினை அணைத்தார். சத்தம் நின்றதும் குழந்தையின் மூச்சு ஜீப் முழுக்கக் கேட்டது. மூக்குக்குள் விசில் மாதிரி ஒன்று கிளம்பி, மெலிந்து, நின்றுவிட்டது. மறுபடி அடைப்பு. குழந்தை தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டியது. ஸம்பத்குமார் யாரையும் பார்க்கவில்லை. குனிந்து வாயை வைத்தான். சுற்றிலும் கேட்டுக்காகக் காத்து நின்ற மாட்டு வண்டிகள், சைக்கிள்கள், தலையில் கூடையோடு நின்று பேசிக்கொண்டிருந்த பெண்கள். ஜீப்பை ஒட்டி ஒரு கறுப்புக் கார் நின்றிருந்தது. அவன் நிமிர்ந்து, வாயில் இருந்ததை வெளியே துப்பினான். அது காரின் சக்கரத்துக்குப் பக்கத்தில், தார் ரோட்டில், பொத்தென்று விழுந்தது.

காரின் பின் சீட்டில் ஒரு அம்மாள் கமலா ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். சுளை பாதி வழியில் நின்றது. மூக்கைச் சுளித்துக்கொண்டு அவள் முகத்தைத் திருப்பினாள். பக்கத்தில் இருந்தவர், மடிப்புக் கலையாத அங்கவஸ்திரம், நெற்றியில் மெலிதாகத் திருமண், ஜன்னலோரம் கையை நீட்டிக் கண்ணாடியைச் சுற்றி ஏற்ற ஆரம்பித்தார். ஏற்றும்போது அவருடைய கடைவாய் இரண்டும் கீழே இழுத்துக்கொண்டன. மூச்சை அடக்கியிருந்தார் என்பது கழுத்தில் தெரிந்தது. அந்த முகம் உள்ளேயிருந்து எப்படி இருக்கும் என்பது ஸம்பத்குமாருக்கு நன்றாகத் தெரியும்.

சரக்கு ரயில் வந்தது. நிலக்கரிப் பெட்டிகள் தடதடவென்று ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன, முடிவதாக இல்லை. கண்ணாடி மேலே வந்து சேர்ந்துவிட்ட பிறகும் அந்த மனிதர், இன்னும் ஏதாவது இடைவெளி இருக்குமோ என்பது போல, கைப்பிடியை இறுக்கிச் சுற்றிக்கொண்டே இருந்தார். குழந்தை ஒருதரம் தும்மியது. ஸம்பத்குமாரின் முகமெல்லாம் பொடித் தூறலாக ஈரம் தெறித்தது. அவன் துடைத்துக்கொள்ளவில்லை, அடுத்த துவாரத்தை விரலால் தேடினான்.